வார்டில் வாக்கு எதற்கு விழுகிறது? கடலூரை முன்வைத்து ஒரு பார்வை

நகர வார்டு ஒன்றில் வாக்கு எதற்கு விழுகிறது? சின்னத்துக்கா, தெருவில் தெரிந்த முகத்துக்கா, சாதிக்கா, வாக்குப்பதிவுக்கு முந்தின இரவு கைமாறும் காசுக்கா? உள்ளாட்சித் தேர்தல் வரும்போதெல்லாம் டீக்கடையிலும் கட்சி அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் இந்தக் கேள்வி எழுகிறது. தமிழ்நாட்டில் இதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேலாக விடைகள் குவிந்திருக்கின்றன. அவற்றில் முக்கியமானவை எங்கிருந்து வந்தன, எந்த இடத்தில் பலவீனப்படுகின்றன என்பதைக் கடலூரையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் வைத்து இக்கட்டுரை பார்க்கிறது.

கடலூர் இதற்குப் பொருத்தமான ஊர். 1866-இல் நகராட்சி, 2021-இல் மாநகராட்சி. மஞ்சக்குப்பத்தில் கோர்ட்டும் கலெக்டர் அலுவலகமும், திருப்பாதிரிப்புலியூரில் கடைத்தெரு, முதுநகரில் துறைமுகம், தேவனாம்பட்டினத்தில் மீனவர் குடியிருப்பு என்று ஒரே நகருக்குள் நான்கைந்து விதமான வாக்காளர்கள் இருக்கிறார்கள். தெற்கே சிதம்பரம் சாலையில் போனால் சிப்காட் தொழிற்பேட்டை. அதை ஒட்டிக் குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் முதலிய ஊர்கள். நகரின் எல்லைக்கு உள்ளே கட்சிச் சின்னத்தில் தேர்தல் நடக்கிறது. எல்லையைத் தாண்டிய ஊராட்சிகளில் சட்டப்படி கட்சிச் சின்னமே கிடையாது.

முதலில் வார்டின் அளவைப் பார்த்துவிட வேண்டும். 2011 கணக்கெடுப்பில் கடலூர் நகரின் மக்கள்தொகை சுமார் 1.73 லட்சம், 2022 தேர்தலில் வார்டுகள் 45. சராசரியாக ஒரு வார்டுக்கு 3,900 பேர்கூட வரவில்லை. குழந்தைகளையும் வாக்களிக்க வராதவர்களையும் கழித்துவிட்டால், பல முனைப் போட்டியில் சில நூறு வாக்குகளே ஒருவரை மன்றத்துக்கு அனுப்பிவிடும். சென்னையின் 200 வார்டுகளில் ஒன்றிலோ சராசரியாக 33,000 பேர் வரை இருக்கிறார்கள். இரண்டையும் ‘வார்டு’ என்ற ஒரே பெயரில் அழைத்து, ஒன்றில் கண்டதை மற்றதற்குப் பொருத்துவது இத்துறை எழுத்துகளில் அடிக்கடி நேரும் பிழை.

பெரிய மனிதர்களின் மன்றம்

முதல் விடை ஆங்கிலேயர் காலத்தது. 1882-இல் ரிப்பன் பிரபு கொண்டுவந்த தீர்மானம், தல சுயாட்சியை அரசியல் பயிற்சிக்கூடமாகவே பார்த்தது. நிர்வாகம் சிறப்பது அதற்கு இரண்டாம்பட்சம். படித்தவர்கள் பொறுப்பு ஏற்றுப் பழக வேண்டும் என்பதே நோக்கம். 1884-ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிச் சட்டம் அந்த வழியில் நகர மன்றங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு இடத்தைக் கூட்டியது. இந்தப் பார்வையில் வார்டு உறுப்பினர் என்பவர் கட்சி சாராத, ஊர் மதிக்கும் பெரிய மனிதர்.

கடலூரில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. இங்கே வழக்கறிஞராக இருந்த அகரம் சுப்பராயலு ரெட்டியார் தாலுகா போர்டு, மாவட்ட போர்டு என்று படியேறி, 1920-இல் சென்னை மாகாணத்தின் முதல் முதலமைச்சரானார். பயிற்சிக்கூடம் என்ற சொல்லுக்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. ஆனால் அந்தப் பள்ளியில் சேர வரி கட்டும் தகுதி வேண்டும். வாக்குரிமையே சொத்தையும் வரியையும் பொறுத்திருந்தபோது, வாக்காளர்கள் கௌரவத்தைப் பார்த்து வாக்களித்தார்கள் என்று முடிவு கட்டுவது எளிது. கௌரவமும் செல்வமும் ஒரே வீட்டில் குடியிருந்ததுதான் காரணம்.

ஹ்யூ டிங்கர் 1954-இல் எழுதிய உள்ளாட்சி வரலாறு ரிப்பனின் இலட்சியத்தைப் பரிவோடு அணுகுகிறது. கிறிஸ்டோபர் பேக்கர் 1976-இல் வெளியிட்ட தென்னிந்திய அரசியல் பற்றிய நூல் அந்தப் பரிவைக் கலைத்துப்போடுகிறது. நீதிக்கட்சியின் உயிர்நாடி உள்ளாட்சி போர்டுகளின் காண்டிராக்ட்டுகளிலும் நியமனங்களிலும் இருந்தது என்பது அவருடைய வாதத்தின் சாரம். பெரிய மனிதர் பொதுநலத்துக்காக மட்டுமே போர்டுக்கு வரவில்லை. பேக்கரின் குறையும் இங்கேதான் இருக்கிறது: எல்லாவற்றையும் சலுகைப் பங்கீடாகவே பார்ப்பவருக்கு, சலுகை எதுவும் கிடைக்காத வாக்காளர் ஏன் வாக்குச்சாவடிக்கு வந்தார் என்பது தெரியாது.

சின்னமா, முகமா

இரண்டாவது விடை கட்சி. 1930-களில் காங்கிரஸ் உள்ளாட்சித் தேர்தல்களில் முழு மூச்சாக இறங்கியபோது, மன்றத்துக்குள் கட்சி வரலாமா என்ற விவாதம் நடைமுறையில் முடிந்துபோயிற்று. 1959-இல் திமுக சென்னை மாநகராட்சியைப் பிடித்தது. எட்டு ஆண்டுகளில் கோட்டையையும் பிடித்தது. வார்டு என்பது கட்சி வளரும் நாற்றங்கால் என்ற கருத்து அப்போது வேரூன்றியது.

ஊராட்சிக்கு மட்டும் வேறு நியாயம் சொல்லப்பட்டது. காந்தியம், வினோபா, ஜெயப்பிரகாஷ் நாராயண் வழியில் வந்த கட்சியற்ற கிராமம் என்ற எண்ணம் தமிழ்நாட்டில் இன்றும் சட்டமாக நிற்கிறது. 2019 டிசம்பரில் கடலூர் மாவட்டத்து ஊராட்சி வாக்காளர் கையில் நான்கு சீட்டுகள் இருந்தன: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றிய உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட உறுப்பினருக்கு மஞ்சள். முதல் இரண்டில் பூட்டு சாவி, ஆட்டோ வகையறா சுயேச்சைச் சின்னங்கள். அடுத்த இரண்டில் உதயசூரியனும் இரட்டை இலையும். ஒரே ஆள், ஒரே நிமிடம், ஒரே பெட்டி.

கட்சிக்கா ஆளுக்கா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல சோதனைக்களம் அமைவது அரிது. ஆனால் சோதனையின் முடிவைப் படிப்பது சுலபமில்லை. பூட்டு சாவிக்குப் பின்னால் எந்தக் கட்சி நிற்கிறது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். தேர்தல் முடிந்த மறுநாளே வென்றவர் மாவட்டச் செயலாளருக்குச் சால்வை போர்த்தும் படம் நாளிதழில் வந்துவிடும். அதே சமயம் ஒரே கட்சியின் இரண்டு பேர் இரண்டு சுயேச்சைச் சின்னங்களில் மோதுவதும் ஊராட்சியில் சாதாரணம். எனவே கட்சியற்ற தேர்தல் என்பது கட்சி இல்லாத தேர்தல் ஆகிவிடவில்லை. கட்சி கட்டுப்படுத்த முடியாத தேர்தல் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

நகரத்தில் கட்சி கட்டுப்படுத்துகிறதா? 2022 மார்ச் 4 அந்த நம்பிக்கையையும் அசைத்தது. பிப்ரவரி 19-இல் வாக்களித்த மக்கள் திமுக அணிக்குப் பெருவாரியான வார்டுகளைத் தந்தார்கள். மாநிலத்தில் அப்போது இருந்த 21 மாநகராட்சிகளும் அந்த அணிக்கே போயின. ஆனால் உறுப்பினர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுத்த அன்று, கடலூர் மேயர் பதவிக்குக் கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளர் சுந்தரி ராஜாவை எதிர்த்து அதே கட்சியில் இன்னொருவர் நின்றார். சுந்தரி ராஜா வென்றார். இந்த விவகாரத்தில் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரே கட்சியிலிருந்து தற்காலிகமாக நீக்கப்பட்டார். பக்கத்து நெல்லிக்குப்பம் நகராட்சியில் தலைவர் பதவி கூட்டணிக் கட்சியான விசிகவுக்கு ஒதுக்கப்பட்டிருந்தும் திமுககாரரே போட்டியிட்டு வென்றார். கூட்டணிக் கட்சிகளின் இடங்களைப் பிடித்தவர்கள் பதவி விலக வேண்டும் என்று முதலமைச்சர் ஸ்டாலின் வெளிப்படையாகக் கேட்க நேர்ந்தது.

கேரளம் 1999-இலேயே உள்ளாட்சிக்கெனத் தனிக் கட்சித்தாவல் தடைச் சட்டம் இயற்றிவிட்டது. தமிழ்நாட்டு வார்டு உறுப்பினரை அப்படிக் கட்டிப்போடும் சட்டம் இல்லை. வாக்காளர் சின்னத்தைப் பார்த்துத்தான் வாக்களித்தார் என்றே வைத்துக்கொண்டாலும், பதின்மூன்று நாள் கழித்து அந்தச் சின்னம் அவரோடு நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சாதிக் கணக்கு

மூன்றாவது விடை சாதி. கடலூர் அடங்கிய அன்றைய தென்னார்க்காடு மாவட்டம் இதில் மாநிலத்துக்கே முன்னோடி. 1949 மாவட்ட போர்டுத் தேர்தலில் வன்னியர் சங்கத்தின் ஆதரவு பெற்றவர்கள் 52 இடங்களில் 22-ஐப் பிடித்தார்கள். கடலூர்க்காரரான எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியின் உழைப்பாளர் கட்சி 1952 சட்டமன்றத் தேர்தலில் 19 இடங்களில் வென்றது. சாதிச் சங்கம் எப்படி நவீன அரசியலின் கருவியாகிறது என்று லாயிட் ருடால்ஃபும் சூசன் ருடால்ஃபும் 1967-இல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வு இந்த மாவட்டத்தைத்தான் முக்கிய எடுத்துக்காட்டாக வைத்தது. சட்டமன்றத்துக்கு முன்பே உள்ளாட்சியில் கணக்கு போட்டுப் பார்த்துவிட்டார்கள் என்பது இங்கே கவனிக்க வேண்டியது.

இந்த விடை வலுவானது. ஆனால் அதன் எல்லையும் இதே மாவட்டத்தில் தெரிகிறது. உழைப்பாளர் கட்சித் தலைவர் 1954-இல் காமராசர் அமைச்சரவையில் சேர்ந்தார். தனிக் கட்சி நெடுநாள் நீடிக்கவில்லை. அன்று மாவட்ட அளவில் செல்லுபடியான கணக்கு நகர வார்டில் அப்படியே செல்லாது. ஒரு சமூகம் செறிந்து வாழும் வார்டில் எல்லாக் கட்சிகளும் அதே சமூகத்தவரையே நிறுத்துகின்றன. அங்கே சாதி வேட்பாளரைத் தீர்மானிக்கிறது, வெற்றியைத் தீர்மானிப்பதில்லை. இந்த வேறுபாட்டைப் பலர் காணத் தவறுகிறார்கள்.

இடஒதுக்கீடு வந்தபின் கேள்வியின் வடிவமே மாறியது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73, 74-ஆம் அரசியல் சட்டத் திருத்தங்கள் பட்டியல் சாதியினருக்கு மக்கள்தொகை விகிதத்திலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கும் ஒதுக்கின. தமிழ்நாடு 2016-இல் பெண்களின் பங்கைப் பாதியாக்கியது. வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதும் முன்பிருந்த உறுப்பினர் தன் மனைவியை நிறுத்துகிறார், அவரே மன்றத்துக்கு வெளியே நின்று நிர்வாகம் செய்கிறார் என்பது வழக்கமான குற்றச்சாட்டு. பல வார்டுகளில் அது உண்மை. ஆனால் அதை ஒதுக்கீட்டின் தோல்வியாக மட்டும் படிப்பது சரியாகத் தோன்றவில்லை. ஐந்தாண்டு கழித்து அதே பெண் மீண்டும் நிற்க, நடைமுறையில் பெரும்பாலும் அந்த வார்டு ஒதுக்கீட்டில் இருக்க வேண்டும். தேர்தல் உரிய காலத்தில் நடக்கவும் வேண்டும். இரண்டும் அமையாத இடத்தில் அனுபவம் சேர வழியில்லை.

வெல்வதும் நாற்காலியில் அமர்வதும் வேறு வேறு என்பதை 2020 அக்டோபரில் இம்மாவட்டத்துத் தெற்குத் திட்டை காட்டியது. ஊராட்சித் தலைவரான தலித் பெண் கூட்டத்தில் தரையில் உட்கார, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் வெளியாகி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு பதிவானது. வாக்கு எண்ணிக்கையை மட்டும் வைத்து எழுதப்படும் வரலாற்றில் அந்தத் தரை வராது.

காசு

நான்காவது விடை காசு. இதைப் பற்றிப் பேச்சு நிறைய, சான்று குறைவு. 2019 தேர்தலின்போது கடலூர் மாவட்டம் நடுக்குப்பம் ஊராட்சித் தலைவர் பதவி 50 லட்சம் ரூபாய்க்கு ஏலம் போனதாக வெளிவந்த செய்தி மாநிலமெங்கும் பேசப்பட்டது. அந்தப் பணம் கோயில் வேலைக்கு என்று சொல்லப்படும்போது ஊர்ப் பொதுக் காரியமாகவும் தோற்றம் கொள்கிறது. போட்டியின்றித் தேர்வாகும் ஊராட்சிகளுக்குக் குஜராத் அரசே சமரச கிராமத் திட்டத்தில் பரிசுப் பணம் தந்தது. அங்கே அரசு கொடுக்கிறது, இங்கே வேட்பாளர் கொடுக்கிறார். இரண்டிலும் வாக்காளருக்கு மிஞ்சுவது ஒன்றுதான்: வாக்களிக்கும் வேலை இல்லை.

நகர வார்டில் வாக்காளர்கள் சில ஆயிரம் பேரே என்பதால் பணம் கணக்குப் பார்த்துச் செலவிட ஏற்றதாகிறது. 2023 ஜூலை முதல் மாநகராட்சி உறுப்பினருக்கு மாதம் 10,000 ரூபாயும் நகராட்சி உறுப்பினருக்கு 5,000 ரூபாயும் மதிப்பூதியம் தரப்படுகிறது. லட்சக்கணக்கில் செலவழித்து வருபவர் அதை எங்கே மீட்பார் என்று கேட்கத் தோன்றுவது இயல்பு. ஆயினும் எல்லா முக்கிய வேட்பாளர்களும் கொடுக்கும் வார்டில், காசு ஒருவரை வெல்லவைத்தது என்று சொல்வது தர்க்கத்துக்குப் பொருந்தாது. கொடுக்க முடியாதவரைக் களத்துக்கே வராமல் தடுத்தது என்று சொன்னால் பொருந்தும்.

தேதியின் பங்கு

மேலே சொன்ன நான்கும் வாக்காளரின் மனதுக்குள் விடை தேடுகின்றன. ஐந்தாவதாக ஒன்று அரசின் கையில் இருக்கிறது. தேர்தல் எப்போது நடக்கும், தலைவரை யார் தேர்ந்தெடுப்பார் என்பது அது. வார்டு தேர்தல் வரலாற்றில் இதற்குத் தரப்பட்ட இடம் போதாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1996, 2001, 2006, 2011 ஆகிய நான்கு முறையும் சட்டமன்றத் தேர்தல் ஏப்ரல்-மே மாதங்களில், உள்ளாட்சித் தேர்தல் அக்டோபரில். 2022 நகர்ப்புறத் தேர்தலும் ஆட்சி மாறிய ஒன்பது மாதத்தில் நடந்தது. ஐந்திலும் மாநிலம் முழுவதையும் வைத்துப் பார்த்தால் ஆளும் அணிக்கே வெற்றி. ‘ஆளும் கட்சிக்குப் போட்டால்தான் ரோடு வரும்’ என்ற வாக்காளரின் கணக்காக இதை விளக்குவார்கள். அது காரணமாக இருக்கலாம். புதிய ஆட்சியின் தேனிலவு இன்னும் முடியாததும் காரணமாக இருக்கலாம். எப்போதும் ஒரே பருவத்தில் தேர்தல் வைத்தால் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

பருவம் தவறி வந்த தேர்தல்கள் வேறு கதை சொல்கின்றன. 1986 பிப்ரவரியில் எம்ஜிஆர் ஆட்சியில் நடந்த நகராட்சித் தேர்தலில் எதிர்க்கட்சியான திமுக பெரும்பாலான நகராட்சிகளைப் பிடித்தது. 2019 டிசம்பர் ஊரகத் தேர்தலில், அதிமுக ஆட்சியில் இருந்தபோதே, ஒன்றிய, மாவட்ட உறுப்பினர் இடங்களில் திமுக அணி சற்று முந்தியது. இரண்டே நிகழ்வுகளை வைத்து விதி எழுத முடியாது. 2001-இல் அதிமுக அலைக்கு நடுவே சென்னை மேயராக ஸ்டாலின் வென்றதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆனாலும் ரோடு விளக்கம் முழு விளக்கமாகாது என்று சொல்ல இவை போதும்.

தலைவர் தேர்வு முறையோ ஆட்சிக்கு ஆட்சி மாறியது. 1986, 1996, 2001-இல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-இல் மறைமுகம். 2011-இல் மீண்டும் நேரடி. 2016-இல் மறைமுகமாக மாற்றினார்கள், தேர்தலே நடக்கவில்லை. 2018-இல் நேரடி என்றார்கள், 2019-இல் அவசரச் சட்டம் போட்டு மறுபடி மறைமுகம். நேரடித் தேர்தலில் வார்டு வாக்கு உறுப்பினருக்கு மட்டும். மறைமுகத் தேர்தலில் அதே வாக்கு பாதி மேயருக்கும் போய்ச் சேருகிறது. வெவ்வேறு பொருள் கொண்ட வாக்குகளை ஒரே பட்டியலில் அடுக்கி, ‘இந்த வார்டு இருபது ஆண்டாக இன்ன கட்சியின் கோட்டை’ என்று எழுதுவது ஆபத்தானது.

இதைவிடப் பெரிய இடைவெளி தேர்தலே இல்லாத ஆண்டுகள். 1970-களின் நடுவிலிருந்து 1986 வரை, 1991 முதல் 1996 வரை, 2016 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை கடலூர் போன்ற நகரங்களைத் தனி அலுவலர்களே நிர்வகித்தார்கள். ஏறத்தாழ அரை நூற்றாண்டில் இருபது ஆண்டுகள் மன்றம் இல்லை. 2016 அக்டோபரில் தேர்தல் அறிவிப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததில் தொடங்கிய கடைசி இடைவெளி, தொகுதி மறுவரையறை, ஒதுக்கீடு, வழக்கு என்று நீண்டது. ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்று கிஷன்சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-லேயே சொல்லியிருந்தது. 2020 கொரோனா ஊரடங்கின்போது, தெருவாரியாகக் கணக்கெடுப்பும் நிவாரணமும் நடந்த நேரத்தில், கடலூரின் எந்த வார்டிலும் உறுப்பினர் இல்லை.

பக்கத்து வீடு இன்னும் மோசம். புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்தது. இலங்கையில் 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நிதி இல்லை என்று தள்ளிப்போய், அது அடிப்படை உரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், 2025 மே 6-இல் நடந்தது. மாறாகக் கேரளம் 1995 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடத்திவருகிறது. அங்கே வார்டு வாக்காளரின் பழக்கத்தைப் பற்றி ஆய்வாளர் பேசும்போது தொடர்ச்சியான ஒரு வரிசை கையில் இருக்கிறது. இங்கே அது இல்லை.

எல்லைக்கு வெளியே

வார்டு உறுப்பினருக்கு உண்மையில் என்ன அதிகாரம் என்ற கேள்வியும் இதோடு ஒட்டியது. அதிகாரமில்லாத பதவிக்கு மக்கள் எதைப் பார்த்து வாக்களிப்பார்கள்? மின்சாரம் வாரியத்தின் கையில். பெரிய குடிநீர்த் திட்டங்கள் குடிநீர் வடிகால் வாரியத்தின் கையில். தொழிற்பேட்டை சிப்காட்டின் கையில். சிப்காட்டை ஒட்டிய ஊர்களில் காற்றும் நிலத்தடி நீரும் கெட்டது பற்றிப் பல ஆண்டுகளாகப் புகார்கள் உண்டு. அவற்றை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் நீதிமன்றத்திடமும்தான் கொண்டுபோக முடிந்தது. ஊராட்சித் தீர்மானத்தால் ஓர் ஆலையின் புகைபோக்கியை அசைக்க முடியாது.

2025 ஜூலை 8 காலை செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அந்த இடத்தில் சுரங்கப்பாதை அமைக்கத் தான் ஒப்புதல் அளித்தும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி ஓராண்டாகக் கிடைக்கவில்லை என்று தெற்கு ரயில்வே தன் அறிக்கையில் கூறியது. ரயில்வேயும் கலெக்டர் அலுவலகமும் மட்டுமே பேசிக்கொள்ளும் அந்தக் கடிதப் போக்குவரத்தில் ஊராட்சிக்கு இடமில்லை. 2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5-லேயே முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பில் இருந்தார்கள். தலைவர் ஒருவர் இருந்திருந்தால் விபத்து நடந்திராது என்று சொல்லிவிட முடியாது. கேட்க வேண்டியதைக் கேட்க ஊர் தேர்ந்தெடுத்த ஆள் ஒருவர் இருந்திருப்பார், அவ்வளவே.

நகரங்களில் வார்டுக் குழுவும் பகுதி சபையும் அமைக்க 2022 ஜூனில் விதிகள் வந்தன. பகுதி சபைப் பிரதிநிதிகள் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை, நியமிக்கப்படுகிறார்கள். அது வார்டு அரசியலைத் தெரு அளவுக்கு இறக்குமா, உறுப்பினருக்கு வேண்டியவர்களின் கூடாரமாகுமா என்று சொல்வதற்குக் காலம் போதவில்லை.

தீராத கணக்கு

கட்சி, ஆள், சாதி, காசு என்ற நான்கில் எதையும் தள்ளிவிட முடியாது. எதையும் தனித்து நிறுத்தவும் முடியாது. கட்சி சின்னத்தைத் தருகிறது. சாதி பெரும்பாலும் வேட்பாளர் பட்டியலைச் சுருக்குகிறது. காசு போட்டியாளரை வடிகட்டுகிறது. மிஞ்சிய சில நூறு வாக்குகளை முகம் நகர்த்துகிறது என்பது நம்பத்தக்கதாகவே தோன்றுகிறது. ஆனால் அதை நிறுவ, ஒரே எல்லை கொண்ட ஒரே வார்டில், ஒரே தேர்தல் முறையில், அடுத்தடுத்து மூன்று தேர்தல்களாவது நடந்திருக்க வேண்டும். தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் கவுன்சிலர் பேரம் குறையுமா, ஊராட்சியிலும் கட்சிச் சின்னம் கொடுத்துவிட்டால் ஏலம் குறையுமா என்பவையும் திறந்த கேள்விகளாகவே இருக்கின்றன.

2022 மார்ச்சில் பொறுப்பேற்ற நகர மன்றங்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. அதற்கு முன் தேர்தல் நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையத்தின் அரசியல் சட்டக் கடமை.